பேசாத ஆட்டின் குரல்

செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தில், ஒரு சவர்க்கார விளம்பரத்துக்குக் கீழே இருந்தது. முன்பு தொலைக்காட்சியில் சிங்களத்தில் ஓடிய அந்த ரயில் கார்ட்டூனை வெளிநாட்டில் புதிதாக எடுக்கப்போகிறார்கள். இம்முறை இலங்கையில் தமிழிலும் குரல் சேர்த்துக் காட்டும் யோசனை இருக்கிறது. அவ்வளவுதான். போர் முடிந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனால் எதை வாசித்தாலும் யாருக்காவது சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம் சிறுவயதிலேயே வந்துவிட்டது. வாசிப்பறைக்கு வெளியே வந்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

மச்சாள் என் அப்பாவின் அக்கா மகள். என் வயது. அப்போது வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், நம்மட கோச்சி திரும்ப வருதாம்.”

“எது, கொழும்புக் கோச்சியா? அது வந்துதானே கா இரிக்கு.”

“அது இல்லகா. ஆடு ஓட்டுற கோச்சி.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

“ஆரு சொன்ன?”

“பேப்பர்ல கிடக்கு. தமிழிலயும் கதைக்குமாம்.”

நான் எதிர்பார்த்தது ஒரு கூச்சல். சின்ன வயதில் அந்தக் கார்ட்டூன் தொடங்கும்போது கத்துவாளே, அதுபோல. அவள், “வேலை கிடக்கு, பிறகு எடு” என்று வைத்துவிட்டாள்.

இதைச் சொல்வதற்கு மாமி வீட்டுத் தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமா கட்டாரில் சாரதியாக இருந்தார். சுனாமிக்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது ஒரு பெரிய பெட்டியில் அதைக் கொண்டுவந்தார். மாமி வீடு களுதாவளைக்குத் தெற்கே, பெரிய றோட்டுக்குக் கடல் பக்கம். எங்கள் வீடு வாவிப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் புத்தகப் பையோடு றோட்டைக் கடந்து அங்கே போய்விடுவேன். வந்த வருடமே மாரி மழையில் ஓர் இடி இடித்தது. மறுநாள் பார்த்தால் தொலைக்காட்சியில் படம் இருக்கிறது, சத்தம் இல்லை. டவுனில் திருத்துகிற ஆளிடம் கொண்டுபோகலாம் என்று மச்சாள் மாமியை அரித்தாள். மாமி அசையவில்லை.

“படம் தெரியுதுதானே? சத்தம் நீங்க போடுற காணாதா? தெருக்கோடி வரைக்கும் கேக்குது.”

அதுவும் சரிதான். சத்தம் இருந்தபோதும் எங்களுக்குச் சிங்களம் விளங்கவில்லை. அந்த ரயில் கார்ட்டூன் வரத் தொடங்கியதே சத்தம் போன பிறகுதான். ஆகவே அதற்கு நாங்களே பேசத் தொடங்கினோம்.

தாடி வைத்த ஓர் ஆடு ரயில் ஓட்டும்; எங்கள் பேச்சில் கோச்சி. ஒரு நரி ஒவ்வொரு முறையும் டிக்கெட் இல்லாமல் ஏறி ஒளிந்துகொள்ளும். தொப்பி போட்ட ஒரு வாத்து டிக்கெட் கேட்டுக்கொண்டு வரும். வாத்து நான். பக்கத்து வளவுப் பையன் நரி. மச்சாள் மிச்சம் எல்லாம்: ரயிலின் கூவல், மழை, பாலம் அதிர்கிற சத்தம், பயணிகள். ஆட்டின் குரலுக்கு மச்சாளின் தம்பி. அவனுக்கு அப்போது ஐந்து வயதுதான் இருக்கும். அவனைச் சேர்க்க எங்களுக்கு விருப்பமில்லை. சேர்க்காவிட்டால் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்று மறைப்பான் என்பதால் சேர்த்தோம். ஊரில் அதற்குப் பிறகு எங்களுக்கு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. இன்றைக்கும் சந்தியில் என்னை வாத்து என்று கூப்பிட இரண்டு பேர் இருக்கிறார்கள். பட்டம் வாங்கின பிறகும் அப்படித்தான்.

அன்றைய கதை என்ன என்பதை நான்தான் தீர்மானிப்பேன். படத்தின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகள் ஓடும். அவற்றைக் கூட்டி வாசித்து, “இண்டைக்கு மழை வாற கதை” என்று அறிவிப்பேன். பாதி நாள் மழையே வராது. ஆனால் நான் சொன்ன கதையைக் குழப்புகிற ஆள் எப்போதும் ஆடுதான். ஏனென்றால் ஆட்டின் வாய் நிற்பதே இல்லை. நரி, வாத்து எல்லாம் இடைக்கிடை வாய் திறக்கும். ஆடு முதலிலிருந்து கடைசிவரை தாடையை ஆட்டிக்கொண்டே இருக்கும். வாய் அசைந்தால் கதைக்கிறது என்பது எங்கள் கணக்கு. ஆகவே அவனும் ஓயாமல் கதைக்க வேண்டியிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாதபோது வாயில் வந்ததைச் சொல்வான்.

“கோச்சிக்குப் பசிக்குது. எல்லாரும் இறங்கிப் புல்லுப் புடுங்குங்க.”

“கோச்சிக்கு எங்கடா பசிக்கும்?” என்று நரி தன் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் கேட்பான்.

“பசிக்கும். நேத்தும் ஒண்டும் தின்னல்ல.”

குசினிக்குள் சமைத்துக்கொண்டே மாமி சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு ஆத்திரமாக இருக்கும். நான் இவ்வளவு யோசித்துச் சொன்ன கதைக்கு மாமி ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தக் கார்ட்டூன் சுனாமிக்குச் சில மாதங்கள் முன்பே நின்றுவிட்டது. வேறு ஏதோ வந்தது. நாங்கள் அதற்கும் குரல் கொடுத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை.

சுனாமி அன்று ஞாயிற்றுக்கிழமை. மச்சாளும் தம்பியும் முற்றத்தில் நின்றார்கள். மச்சாளைத் தண்ணீர் கோயில் மதில்வரை கொண்டுபோய் விட்டது. தம்பியை மறுநாள் வாவிக்கரையில், தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணா மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள். வீடு போயிற்று. அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இருந்த படங்கள் எல்லாம் அந்தத் தொலைக்காட்சிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தவை. மாமி குடும்பம் முகாமில் இருந்து, பிறகு வாவிப் பக்கம் கட்டிக்கொடுத்த சின்ன வீட்டுக்கு வந்தது. நரியை அடுத்த வருடம் இயக்கத்துக்குப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அவன் எங்கே இருந்தான், பிறகு எந்த முகாமில் இருந்து திரும்பி வந்தான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். வந்த பிறகு யாரும் அவனிடம் கேட்பதில்லை.

போன் எடுத்த கிழமையே மச்சாள் பட்டன் வாங்க மட்டக்களப்புக்கு வந்தாள். நானும் போனேன். அங்கே புளியந்தீவில் ஓர் இன்டர்நெட் கடையில் அவளை உட்காரவைத்து, அந்தக் கார்ட்டூனின் பழைய துண்டுகளைத் தேடி எடுத்தேன். எனக்கு அதில் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை எனக்குச் செய்யத் தெரிந்திருந்தது.

ஒரு ஹெட்போன்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டோம். வாத்து வந்தது, கீச்சுக் குரலில் சிங்களம் பேசியது. நரி வந்தது. ஆடு வந்தது. தாடை அசைந்தது. ரயில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சத்தத்தைக் கூட்டு” என்றாள் மச்சாள்.

கூட்டினேன். நரி எங்கள் காது கிழியப் பேசியது. ஆடு பேசவில்லை. அடுத்த துண்டு, அதற்கடுத்த துண்டு என்று பார்த்தோம். எதிலும் ஆடு பேசவில்லை. அது புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கார்ட்டூனின் ஆடு தொடக்கத்திலிருந்தே ஊமை.

மச்சாள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “அப்ப கோச்சிக்குப் பசிக்கிறது, பாலத்துக்குக் கூச்சம் எண்டது, அதெல்லாம் தம்பி தானாச் சொன்னதா?”

“ஓம் போல.”

“ஆடும் அங்க ஏதோ கதைக்குது, குரல் மட்டும்தான் அவன்ட எண்டு நினைச்சிருந்தன்” என்றாள்.

படத்துக்குக் கீழே பழைய ரசிகர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தவற்றை நான் ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய படத்தைப் பற்றி எல்லோருக்கும் கோபம். ரயில் நீலமாகிவிட்டதாம். நரிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் மேலான கோபம் ஒன்றுதான்: புதிய படத்தில் ஆடு முதல்தடவையாகப் பேசப்போகிறது. பேசாத ஆட்டைப் பேசவைப்பது கொலைக்குச் சமம் என்று கண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடும்போது, ஒன்றும் பேசாத அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். வேறு சிலர், பேசினால் என்ன, எங்கள் பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று எழுதி ஏச்சு வாங்கியிருந்தார்கள்.

எனக்கு எங்கள் பக்கத்துக் கொம்பு விளையாட்டு நினைவுக்கு வந்தது. அம்மன் கோயில் காலத்தில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொக்கிபோல வளைந்த இரண்டு கொம்புகளைக் கொழுவி இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்களுக்கு அன்று முழுக்க வசைப்பாட்டுத்தான். யார் எந்தச் சேரி என்பதை யோசித்து முடிவுசெய்வதில்லை. பிறப்பால் வருவது. அந்தப் பக்கத்தில் எழுதியவர்களும் அப்படித்தான் தெரிந்தார்கள். எந்த வீட்டில், எந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்களோ அதன்படி ஒரு சேரி. அவர்கள் காத்து நின்றது ஆட்டை அல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருந்த அறையை என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு பெண்ணைத் தவிர, அறைக்குள் வேறு யார் இருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை.

“நீயும் எழுது” என்றாள் மச்சாள்.

“என்னெண்டு?”

“ஆடு கதைக்கப்படா எண்டு.”

“நம்மட ஆடு கதைச்சதுதானேகா.”

“அதாலதான் சொல்றன். எழுது.”

ஆங்கிலத்தில் எழுதினேன். ஆடு பேசக்கூடாது, அதன் வாயை அதனிடமே விட்டுவிடுங்கள் என்று. நாங்கள் கடையை விட்டு எழும்புவதற்குள் முன்பின் தெரியாத பலர் அதை ஆமோதித்திருந்தார்கள். அவர்களுக்கு நானும் அவர்களைப் போல ஊமை ஆட்டைப் பார்த்து வளர்ந்த ஒருத்தி.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது மச்சாள் வாவியைப் பார்த்தபடி வந்தாள். திடீரென்று சொன்னாள்: “எனக்கு இப்ப அவன்ட குரல் வருதில்ல, வாத்து.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“சொன்னதெல்லாம் ஞாபகம் இரிக்கு. நினைச்சுப் பாத்தா நம்மட தெருவில ஓடுற ஆராவது பெடியன்ட குரல்லதான் கேக்குது. புதுசா ஒருத்தன் ரீவியில ஆட்டுக்குக் கதைச்சாண்டா, புறகு அவன்ட குரல்தான் எனக்குக் கேக்கும். தம்பி அதோட போயிருவான். அம்மாக்கு இதச் சொல்லாத.”

பல்கலைக்கழகத்தில் படித்த எதுவும் இதற்கு உதவவில்லை. அவனுடைய குரலை நானும் நினைத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்னப் பையனின் குரல் வந்தது. அது அவனுடையதுதானா என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த லீவில் நான் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, மாமி வீட்டுக் குசினிச் சுவருக்கு நரி சீமெந்து பூசிக்கொண்டிருந்தான். அவன் அப்போது மேசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆள் நல்லாக உயர்ந்து, மெலிந்து, கதைப்பதைக் குறைத்திருந்தான். மாமி வாசல்படியில் இருந்து றால் உரித்துக்கொண்டிருந்தார். மச்சாள் மெஷினில். கார்ட்டூன் திரும்ப வரப்போகும் கதையை அவனுக்கு நான்தான் சொன்னேன். ஆடு ஊமை என்றதையும் சொன்னேன். அவன் கரண்டியைச் சுவரில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தான்.

“ஊமையா? அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்குப் பொய் சொன்ன?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாத்துக்கும் சொன்னாய்தானே.”

“வாத்துக்குச் சொல்லி என்ன? அது டிக்கெட் எங்க, டிக்கெட் எங்க எண்டு மட்டும்தான் கேக்கும். இப்பவும் அப்பிடித்தான், கம்பஸுக்குப் போயும்.”

“நீ இன்னும் டிக்கெட் எடுக்கல்லத்தானே.”

“புதுசில கதைக்குமெண்டா நல்லதுதானே” என்றான் அவன். “ஆடு கதைக்கத்தான் வேணும்.”

“கதைக்கப்படா” என்றாள் மச்சாள், துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“உனக்கென்ன? நீ மழைக்குச் சத்தம் போட்டவள்.”

“கதைக்கப்படா எண்டாப் படா. உன்ட சுவர நீ பாரு.”

மாமி அண்ணாந்து பார்க்கவில்லை. “என்ன மனே ஆட்டுக்குச் சண்டை? ஆட்டிறைச்சி எண்டாலும் பரவால்ல.”

நரிக்கு வேறு ஒன்றும் தெரியாது. மச்சாள் பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னதை அவன் கேட்டிருக்கவில்லை. அவன் பகடி விட்ட அதே மூச்சில், கையில் சீமெந்துக் கரண்டியைப் பிடித்தபடி, மூக்கால் சொன்னான்: “கோச்சிக்குப் பசிக்குது. எல்லாரும் இறங்கிப் புல்லுப் புடுங்குங்க.”

மெஷின் நின்றது. மாமியின் கையில் றால் அப்படியே இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன்; செய்துவிட்ட பிறகுதான் அவனுக்கும் விளங்கியது. கரண்டியைக் கீழே வைத்தான். மச்சாள் எழும்பினாள். அவனை வெளியே போகச் சொல்லப்போகிறாள், அல்லது உள்ளே போய்க் கதவைச் சாத்தப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

“பிழை” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அப்பிடியில்ல. தம்பி ‘கோச்சிக்கு’ எண்டதில இழுக்கமாட்டான். அத டக்கெண்டு சொல்லுவான். ‘பசிக்குது’லதான் இழுப்பான்.” சொல்லிக் காட்டினாள். சொல்லும்போதே முகத்தைச் சுளித்தாள். “இதுவும் இல்ல. இதவிடக் கீழ.”

நரி மெதுவாக, “இவ்வளவு கீழயா?” என்று இன்னொரு தரம் சொன்னான்.

“இல்லடா. நீ கிழவன் மாதிரிச் சொல்றாய்.”

“நீ பொம்பிளை மாதிரிச் சொல்றாய்.”

“நான் பொம்பிளைதானே!”

“‘புடுங்குங்க’ எண்டதில கொஞ்சம் மேல போகும்” என்றேன் நான். எனக்கு அது தெரியும் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

“ஓம், ஓம். மேல போகும். நீ சொல்லு.”

சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வாயாகப் பிழை என்றார்கள். பிறகு மூவருமே மாறிமாறிச் சொன்னோம். ஒவ்வொன்றும் பிழை, எது பிழை என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சுவரில் சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.

“மூண்டு பேரும் பிழை” என்றார் மாமி.

நாங்கள் திரும்பினோம். அவர் றாலை உரித்துச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். தம்பி போன பிறகு அவனைப் பற்றி மாமி எங்களுக்கு முன்னால் பேசிக் கேட்டதில்லை.

“அவன் கதைக்க முதல் எச்சில் முழுங்குவான். ‘க்ளுக்’ எண்டு ஒரு சத்தம். உங்களுக்குக் கேட்டிராது, நீங்க ரீவியப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. எனக்குக் குசினிக்குள்ள கேக்கும். அது கேட்டாலே இந்தா ஏதோ சொல்லப்போறான் எண்டு எனக்குச் சிரிப்பு வந்திரும். சொன்ன புறகு சிரிக்கிறல்ல, சொல்ல முதலே சிரிச்சிருவன்.”

மச்சாள் எச்சிலை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, டக்கென்று, கீழ்க்குரலில் சொன்னாள்.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். றால் கை நின்றுபோயிருந்தது. “கிட்ட வந்திட்டாய். இன்னும் இல்ல” என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று என்னால் சொல்ல முடியாது. முகம் சட்டிக்கு மேலே குனிந்திருந்தது.

மச்சாள் தன் கதிரையில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய முகத்தில் ஏதோ இளகியிருந்தது. ஒரு குரலை வரவழைக்க எங்களில் எவராலும் முடியவில்லை. ஆனால் வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்காரப் பார்த்தால், இது அவன் இல்லை என்று நால்வருக்கும் உடனே தெரிந்தது. தெரிவதற்கு அவன் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எனக்கு முன்பே அவளுக்கு அது விளங்கியிருந்தது.

“வாத்து, நீ அங்க எழுதினத மாத்து” என்றாள்.

“எப்பிடி?”

“கதைக்கட்டும் எண்டு எழுது. ஆரு வேணுமெண்டாலும் கதைக்கட்டும். கதைச்சாத்தானே நாம பிழை எண்டு சொல்லலாம்.”

“நான் அதத்தானே அப்பவே சொன்ன” என்றான் நரி, கரண்டியை எடுத்துக்கொண்டு.

“நீ வாயப் பொத்திக்கிட்டுப் பூசு. சுவர் வெடிச்சா அம்மா உன்னத்தான் புடிப்பா.”

திங்கட்கிழமை அந்த இன்டர்நெட் கடைக்குப் போய் எழுதினேன். நான் என் கருத்தை மாற்றிக்கொண்டேன், ஆடு பேசட்டும் என்று. காரணம் எழுதவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஏச்சு வந்து குவிந்தது. முன்பு என்னை ஆமோதித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். துரோகி என்றார்கள். கம்பெனி உனக்கு எவ்வளவு தந்தது என்றார்கள். நீ அந்தக் கார்ட்டூனை உண்மையில் பார்த்தவளே இல்லை என்று கண்டிக்காரர் எழுதினார். அதற்கு மட்டும் பதில் எழுதக் கை துடித்தது, விட்டுவிட்டேன். அன்று பின்னேரம் எல்லாவற்றையும் போனில் மச்சாளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வரும், என்னோடு சேர்ந்து நாலு வசை சொல்லுவாள் என்று பார்த்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள்.

“பாவம்கா” என்றாள். “அவங்கட ஆடு ஒருநாளும் கதைக்கல்லத்தானே.”